குட்டைப் பிள்ளைக்குப் பெரிய கட்டம்

சாப்ட்பால் மைதானத்தில் சுண்ணாம்பு போடாத கட்டம் ஒன்று உண்டு. முதல் பேஸுக்குப் போகும் கோட்டுக்குச் சுண்ணாம்பு போடுவார்கள். மூன்றாவது பேஸிலிருந்து வரும் கோட்டுக்கும் போடுவார்கள். சிறப்பு விருந்தினர் காரை விட்டு இறங்கி ஷாமியானா வரை நடந்துவரும் பாதைக்கு இரண்டு பக்கமும் போட்டு, நடுவில் கலர்ப்பொடியில் நல்வரவும் எழுதுவார்கள். ஆட்டத்தின் தலையெழுத்தே அடங்கியிருக்கும் அந்த ஒரு கட்டத்துக்கு மட்டும் சுண்ணாம்பு கிடையாது. போடவும் முடியாது. அது காற்றில் நிற்கிறது. அதன் பெயர் ஸ்டிரைக் ஜோன்.

விதிப்புத்தகத்தில் குழப்பம் ஏதும் இல்லை. தரையில் 17 அங்குல அகலத்துக்கு ஐந்து மூலைப் பலகை ஒன்று கிடக்கும். அதுதான் ஹோம் பிளேட். அதற்கு நேர் மேலே, மட்டை பிடித்து நிற்கும் பிள்ளையின் அக்குளுக்கும் முழங்காலின் மேல்விளிம்புக்கும் இடைப்பட்ட இடம்தான் கட்டம். பந்து அதில் ஓர் ஓரத்தை உரசிப் போனாலும் ஸ்டிரைக். வெளியே போய், பிள்ளையும் மட்டையைச் சுற்றாமல் விட்டால், அது பால். மூன்று ஸ்டிரைக் விழுந்தால் ஆள் அவுட். நாலு பால் ஆனால் முதல் பேஸுக்குச் சும்மா நடந்தே போகலாம். பேஸ்பாலில் மேல்விளிம்பு நெஞ்சுக்கு இறங்கும், கீழ்விளிம்பு முட்டிக்குக் கீழே போகும். மற்றபடி கணக்கு ஒன்றுதான்.

இந்த விதியில் ஒரு நியாயம் ஒளிந்திருக்கிறது. கட்டம் ஆளுக்கு ஆள் மாறும். நெட்டைக்குப் பெரிய கட்டம். குட்டைக்குச் சின்னக் கட்டம். ஆறடி ஆளுக்குப் போடுவதைவிட நாலரை அடிப் பிள்ளைக்குப் பந்து போடுவது சிரமம். உலகத்தில் சின்ன ஆளுக்குச் சாதகமாக எழுதப்பட்ட மிகச் சில விதிகளில் இது ஒன்று.

அதனால்தான் நம் ஊரில் அது செல்லுபடியாவதில்லை.

நம்பாதவர்கள் பள்ளிகளுக்கு நடக்கும் ஏதாவது ஒரு போட்டிக்குப் போய் வேலியோரம் நின்று பாருங்கள். அம்பயர், பலகைக்குப் பின்னால் பந்தைப் பிடிக்கும் கேட்சருக்குப் பின்னால் குனிந்து நின்று பந்தைப் பார்க்க வேண்டும் என்பது ஏற்பாடு. நம் அம்பயர் பந்து போடும் பிட்ச்சருக்குப் பின்னால் நிற்பார். ஏன்? முகக்கவசம் இல்லை. பள்ளியில் இருக்கும் ஒரே கவசத்தைக் கேட்சர் பிள்ளை மாட்டியிருக்கிறது. நெஞ்சுக்கவசம் போன வருடமே பிய்ந்துபோனது. ஆகவே, நாற்பதடிக்கும் அப்பால் நின்றுகொண்டு, பந்து பிள்ளையின் அக்குளுக்கு மேலே போனதா கீழே போனதா என்று அவர் சொல்ல வேண்டும். அவரும் சொல்கிறார். தயக்கமே இல்லாமல் சொல்கிறார். தெரியாத விஷயத்தில்தான் நம் அதிகாரிகளுக்கு அசாத்திய உறுதி வரும்.

மட்டையோடு வந்து நிற்கிறது ஒரு பிள்ளை. ஹெல்மெட் இரவல். தலையை ஆட்டினால் புருவத்துக்கு இறங்குகிறது. அதை ஒரு கையால் தூக்கிவிட்டுக்கொண்டு நிற்கையில் முதல் பந்து கழுத்துக்கு நேரே வருகிறது. "ஸ்டிரைக்!" பிள்ளை திரும்பிக் கோச்சைப் பார்க்கிறது. அடுத்த பந்து கணுக்காலைத் தேடி வருகிறது. "ஸ்டிரைக்!" கழுத்திலிருந்து கணுக்கால் வரை கட்டம் என்றால் இனி எதையும் விடமுடியாது என்று பிள்ளைக்குப் புரிந்துவிடுகிறது. மூன்றாவது பந்து பலகைக்கு ஒரு முழம் வெளியே போகிறது. ஓடிப்போய்ச் சுற்றுகிறது. அவுட்.

அடுத்த இன்னிங்ஸில் போட்டி நடத்தும் பள்ளியின் பிள்ளை மட்டை பிடிக்கிறது. அளவான ஹெல்மெட், கையுறை, காலில் ஸ்பைக்ஸ். அதே கழுத்துப் பந்து. "பால்." அதே கணுக்கால் பந்து. "பால்." நெஞ்சுக்கு நேரே, பலகைக்கு நட்டநடுவே, சின்னக் குழந்தையும் ஸ்டிரைக் என்று சொல்லக்கூடிய பந்து ஒன்று வருகிறது. அம்பயர் யோசிக்கிறார். அந்தப் பள்ளித் தாளாளர் வீட்டுப் பந்தியில்தான் மத்தியானச் சாப்பாடு என்பது அவர் யோசனையில் இருந்ததா என்று நமக்கு எப்படித் தெரியும்? "பால்" என்கிறார்.

வந்த பள்ளியின் கோச் எழுந்து போகிறார்.

"சார், அது நடு நெஞ்சுக்கு வந்துச்சு சார்."

"நீரு அம்பயரா, நான் அம்பயரா வே? போய் உக்காரும்."

போய் உட்கார்ந்தார். உட்கார்ந்துதான் ஆக வேண்டும். ஸ்டிரைக்கா பாலா என்பது அம்பயரின் சொந்த முடிவு, அதை எதிர்த்து முறையீடு கிடையாது என்று விதிப்புத்தகமே சொல்கிறது. எந்தப் பக்கத்தையும் படிக்காத அம்பயருக்குக்கூட அந்த ஒரு பக்கம் மனப்பாடம்.

கட்டத்துக்கு நேரம் காலமும் உண்டு. காலையில் முதல் ஆட்டத்தில் ஓரளவுக்கு ஒழுங்காக இருக்கும். சாப்பாட்டுப் பொட்டலம் வந்து இறங்கிவிட்டால் அரை அடி அகலும். மேற்கே மலையில் மேகம் கறுத்தால் இன்னும் அரை அடி. பரிசு கொடுக்க வேண்டிய பெரிய மனிதர் வேறொரு விழாவுக்குக் கிளம்ப வேண்டும் என்று சீட்டு வந்தால், கட்டம் மைதானத்தின் மதில்சுவர் வரைக்கும் போகும். கடைசி மூன்று பிள்ளைகளும் நின்ற இடத்திலேயே அவுட். கைதட்டல். ஒலிபெருக்கியில் விளையாட்டு உணர்வைப் பற்றி ஓர் உரை.

பிள்ளைகள் விளையாட்டுத்தானே, இதற்குப் போய் இவ்வளவு கோபமா என்று கேட்பவர் உண்டு. அவர் வீட்டில் யாரும் விளையாட்டு ஒதுக்கீட்டுக்கு விண்ணப்பம் போட்டதில்லை என்று அர்த்தம். தமிழக அரசு வேலையில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீதம். பொறியியல் கலந்தாய்வில் 500 இடம். மத்திய அரசு வேலைக்கான பட்டியலில் சாப்ட்பாலும் உண்டு, பேஸ்பாலும் உண்டு. சான்றிதழுக்கென்று நாலு படிவம் வைத்திருக்கிறார்கள். பள்ளிப் பிள்ளை தேசியப் போட்டியில் ஆடினால் படிவம் 4. அங்கே போக மாநில அணியில் இடம் வேண்டும். அதற்கு மாவட்டத்தில் ஜெயிக்க வேண்டும். மாவட்டத்தில் ஜெயிக்க, கணுக்கால் பந்துக்கு யாராவது "பால்" என்று சொல்ல வேண்டும். மாஞ்சோலை மலையிலிருந்து இறங்கி அம்பாசமுத்திரத்திலோ கல்லிடைக்குறிச்சியிலோ விடுதியில் தங்கிப் படிக்கும் தேயிலைத் தொழிலாளி வீட்டுப் பிள்ளைக்கு, அந்த ஒரு சொல் ஒரு வேலை. ஒரு சம்பளம். ஒரு வீடு.

கிரிக்கெட் ஏன் ஆடவில்லை என்று கேட்காதீர்கள். கிரிக்கெட்டில் மட்டையே அப்பாவின் ஒரு மாதக் கூலியைத் தின்றுவிடும். கூட்டம் குறைவான ஆட்டத்தில் இடம் கிடைக்கும் என்றுதான் சாப்ட்பாலுக்கு வருகிறார்கள். கூட்டம் குறைவு என்பதால் பார்ப்பதற்கும் ஆள் இல்லை. பார்க்க ஆள் இல்லாத இடத்தில் கட்டம் எந்தப் பக்கம் இழுத்தாலும் வரும்.

அம்பயரை மட்டும் அடித்துவிட்டுப் போவது எனக்கும் உவப்பில்லை. பல இடங்களில் அவர் ஓர் உடற்கல்வி ஆசிரியர். பள்ளிக்கு ஒருவர். காலை வணக்கக் கூட்டத்துக்கு விசிலடிப்பதும் அவர்தான், தேர்வு மேற்பார்வையும் அவர்தான், தேர்தல் வந்தால் வாக்குச்சாவடியும் அவர்தான். சாப்ட்பாலை அவருக்கு யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை. காலையில் கபடிக்கு விசில், மாலையில் சாப்ட்பாலுக்கு அம்பயர் என்று எழுதிக் கையில் கொடுத்தார்கள். உச்சி வெயிலில் நின்றார். அவரைப் பாழாக்கியது யார் என்றால், மேடையைப் பாருங்கள். அங்கே இருபது நாற்காலி. இருபது சால்வை. ஆளுயர மாலை இரண்டு. அன்றைக்குப் போர்த்திய சால்வைக் காசில் நாலு பள்ளிக்கு முகக்கவசம் வாங்கியிருக்கலாம். சால்வை போர்த்தினால் படம் வரும். முகக்கவசம் மாட்டினால் முகமே தெரியாது. எது வாங்குவார்கள்?

இனி கொஞ்சம் பெரிய மைதானத்துக்குப் போவோம்.

2020 செப்டம்பர் 20. துபாய். ஐ.பி.எல். ஆட்டம். டெல்லி கேபிடல்ஸ் 157 எடுத்தது. கிங்ஸ் லெவன் பஞ்சாப் துரத்தியது. 19-வது ஓவரில் கிறிஸ் ஜோர்டன் ஓடிய ஒரு ஓட்டத்தை, மட்டை கோட்டைத் தொடவில்லை என்று சொல்லி ஸ்கொயர் லெக் அம்பயர் குறைத்துவிட்டார். டிவியில் போட்டுக் காட்டினால் மட்டை கோட்டுக்கு உள்ளே இருக்கிறது. ஆட்டம் சமனில் முடிந்து சூப்பர் ஓவரில் பஞ்சாப் தோற்றது. ஓர் ஓட்டம். ஒரே ஓர் ஓட்டம். அணி நிர்வாகம் மேட்ச் ரெஃப்ரியிடம் முறையிட்டது. இணை உரிமையாளர் பிரீத்தி ஜிந்தா ட்விட்டரில் புது விதி கேட்டார். தேசமே அம்பயரைத் திட்டியது. அடுத்த வருடமே விதி மாறியது. ஓட்டம் குறைந்ததா இல்லையா என்பதை மூன்றாவது அம்பயர் சரிபார்த்துத் திருத்தலாம் என்று 2021 ஐ.பி.எல். விதியில் எழுதிவிட்டார்கள்.

நல்ல விஷயம். அநியாயம் நடந்தது, கேட்டார்கள், திருத்தினார்கள். நாடு இப்படித்தான் நடக்க வேண்டும்.

அந்த அணிக்கு இன்னோர் இணை உரிமையாளர் உண்டு. நெஸ் வாடியா. அவர்தான் பம்பாய் பர்மா டிரேடிங் கார்ப்பரேஷனின் நிர்வாக இயக்குநர். மாஞ்சோலை எஸ்டேட்டைக் குத்தகைக்கு எடுத்து நடத்தியது அந்தக் கம்பெனி. துபாயில் ஓர் ஓட்டம் குறைந்ததற்கு நியாயம் கேட்ட அதே பெரிய இடத்தின் மலை இது.

இந்த மலையின் கதை தாமிரபரணிக்காரர்களுக்குப் புதிதல்ல. ஆனாலும் அம்பயர் கண்ணால் ஒரு தடவை பார்த்துவிடுவோம். 1929-ல் சிங்கம்பட்டி ஜமீன் 8,373 ஏக்கரை இந்தக் கம்பெனிக்கு 99 வருடக் குத்தகைக்கு விட்டது. மாஞ்சோலை, காக்காச்சி, நாலுமுக்கு, ஊத்து, குதிரைவெட்டி. அட்டைக்கடியிலும் மழையிலும் நின்று காட்டைத் தோட்டமாக்கியவர்கள் கூலிகள். 1952-ல் ஜமீன் ஒழிந்தது. குத்தகை ஒழியவில்லை. 1988-ல் களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகம் வந்தது, தமிழ்நாட்டின் முதல் புலிகள் காப்பகம். அப்போதும் குத்தகைக்கு ஒன்றும் ஆகவில்லை. புலியும் தேயிலையும் ஒரே மலையில் ஒற்றுமையாக இருந்தன. கம்பெனி அந்த நிலத்துக்குப் பட்டாவே கேட்டு வழக்காடிப் பார்த்தது. 2017-ல் உயர் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. 2018-ல் அரசு அதைக் காப்புக்காடாக அறிவித்தது. அதன் பிறகும் கம்பெனி பறித்துக்கொண்டுதான் இருந்தது.

2024-ல் போதும் என்று கம்பெனிக்குத் தோன்றியது. விருப்ப ஓய்வு என்று காகிதம் நீட்டினார்கள். ஜூன் பாதியோடு வேலை நின்றது. வீட்டைக் காலி செய்யவும் கெடு. அந்த நிமிடத்தில் ஓர் அதிசயம் நடந்தது. அதுவரை தோட்டமாக இருந்தது காடாகிவிட்டது. அதுவரை தொழிலாளியாக இருந்தவர் காட்டுக்குள் குடியிருக்கும் இடைஞ்சலாகிவிட்டார். கம்பெனி கொழுந்து பறித்தபோது கூச்சப்படாத புலி, கிழவி ஒருத்தி லயன் வீட்டு வாசலில் அடுப்பு மூட்டினால் கூச்சப்படும் என்று அதிகாரிகளுக்குத் திடீரெனத் தெரிந்துவிட்டது. கம்பெனிக்குக் கட்டம் உள்ளங்கை அளவு. எந்தப் பந்தும் அதில் படாது. கூலிக்குக் கட்டம் மணிமுத்தாறு செக்போஸ்ட் வரைக்கும்.

தொழிலாளர்கள் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்குப் போனார்கள். வெளியேற்ற இடைக்காலத் தடை கிடைத்தது. தோட்டத்தை அரசின் டான்டீ நிறுவனம் ஏற்று நடத்த வேண்டும் என்று கேட்டார்கள். 2024 டிசம்பரில் அந்தக் கோரிக்கை தள்ளுபடியானது. காடு காடாகவே இருக்க வேண்டும் என்பதில் நமக்கும் சண்டை இல்லை. மேற்குத் தொடர்ச்சி மலை இல்லாவிட்டால் தாமிரபரணி இல்லை, தாமிரபரணி இல்லாவிட்டால் நாம் இல்லை. நம் சண்டை வேறு. அந்த ஞானம் 1952-லும் 1988-லும் எங்கே போயிருந்தது? மூன்று நாலு தலைமுறை அந்த மலையில் பிறந்து, அங்கேயே புதைந்து, கையில் ஒரு சென்ட் நிலப் பத்திரம் இல்லாமல் இறங்குகிறது. அத்தனை வருடம் தேயிலை விற்றவரிடம் யார் என்ன கேட்டார்கள்?

1999-க்கு வருவோம். இதைச் சிரிக்கச் சிரிக்கச் சொல்ல முடியாது. கூலி உயர்வு கேட்டுப் போராடிய மாஞ்சோலைத் தொழிலாளர்கள் 653 பேர் சிறையில் இருந்தார்கள். அவர்களை விடுதலை செய்யச் சொல்லி ஜூலை 23-ம் தேதி திருநெல்வேலி கொக்கிரகுளத்தில் கலெக்டர் ஆபீசுக்கு ஊர்வலம் போனார்கள். மனு கொடுக்கப் போனவர்கள். தடியடி நடந்தது. ஒரு பக்கம் போலீஸ், மறுபக்கம் ஆறு. 17 பேர் செத்தார்கள். அதில் ஒன்று கைக்குழந்தை. அரசு ஓர் அம்பயரைப் போட்டது. நீதிபதி மோகன் ஆணையம். ஆணையம் விசாரித்தது. பக்கம் பக்கமாக எழுதியது. போலீஸ் நடவடிக்கை நியாயமே என்று முடித்தது.

ஆற்றுக்குள் ஓடினவர்கள்தான் கட்டத்துக்கு வெளியே போனவர்கள் போலிருக்கிறது.

ஓர் ஓட்டம் குறைந்ததற்கு அடுத்த வருடமே விதி மாறியது. 17 உயிருக்கு எந்த விதி மாறியது? ஊர்வலம் போகிறவர்களை ஆற்றைப் பார்த்து விரட்டக்கூடாது என்றாவது ஒரு வரி எங்கேயாவது எழுதினார்களா? வருடா வருடம் ஜூலை 23-ல் அரசியல் கட்சிக்காரர்கள் கொக்கிரகுளத்துக்கு வந்து ஆற்றில் மலர் தூவுகிறார்கள். அதற்கு மட்டும் போலீஸ் நேரம் ஒதுக்கித் தருகிறது. வரிசையாக வந்து தூவிவிட்டு வரிசையாகப் போக வேண்டும்.

மறுபடி ஆட்டத்துக்கு வருவோம். அமெரிக்காக்காரன் எதையும் அளந்து பார்க்காமல் விடமாட்டான். அவன் ஊர் பேஸ்பாலில் ஒவ்வொரு பந்தையும் கேமரா பதிவு செய்கிறது. அதை வைத்துக்கொண்டு டோபியஸ் மாஸ்கோவிட்ஸ், ஜான் வெர்த்ஹைம் என்ற இருவர் 2011-ல் ஒரு புத்தகம் போட்டார்கள். ஆட்டக்காரர் மேல் ஏற்கெனவே இரண்டு ஸ்டிரைக் விழுந்திருந்தால், அம்பயர் மூன்றாவதைச் சொல்லத் தயங்குகிறாராம். உள்ளூர் அணிக்கு நடுவர் மனம் சாய்கிறதாம். 2014-ல் ஜெரி கிம், பிரேடன் கிங் என்ற வேறு இருவர், பெயர் பெற்ற பந்துவீச்சாளர் போட்டால் அம்பயர் கட்டத்தை விரித்துக் கொடுக்கிறார் என்று கண்டுபிடித்தார்கள். இதைக் கண்டுபிடிக்க அவர்களுக்குக் கேமராவும் கம்ப்யூட்டரும் வேண்டியிருந்தது. விக்கிரமசிங்கபுரத்தில் டீக்கடை பெஞ்சு போதும்.

அந்த முதல் கண்டுபிடிப்பை மட்டும் கொஞ்சம் யோசியுங்கள். கடைசிச் சொல்லைச் சொல்ல அம்பயருக்கு வாய் வராது. முடிவு தன் தலையில் விழக்கூடாது. நம் அலுவலகங்கள் நடப்பதே இந்தச் சித்தாந்தத்தில்தான். மாஞ்சோலைக்காரர் மனுவோடு போனால், வருவாய்த்துறை வனத்துறையைக் காட்டும். வனத்துறை கோர்ட்டைக் காட்டும். தொழிலாளர் துறை கம்பெனியைக் காட்டும். கம்பெனி குத்தகைப் பத்திரத்தைக் காட்டும். எல்லோரும் கை நீட்டுகிறார்கள். யாரும் கை தூக்குவதில்லை. ஆனால் எதிரே நிற்பது ஆள் பலம் இல்லாத பிள்ளை என்று தெரிந்துவிட்டால், அந்தக் கை என்ன வேகத்தில் உயர்கிறது பார்த்தீர்களா?

வெளியூரில் இந்த வியாதிக்கு மருந்து கண்டுபிடித்துவிட்டார்கள். தென்கொரியாவின் பெரிய பேஸ்பால் லீக்கில் 2024-லிருந்து ஸ்டிரைக்கா பாலா என்பதைக் கருவிதான் சொல்கிறது. அமெரிக்கப் பெரிய லீக் 2026-க்கு வேறு வழி வைத்தது. அம்பயர் சொல்வார். ஒப்புக்கொள்ளாத ஆட்டக்காரர் ஹெல்மெட்டைத் தட்டினால் போதும், கேமரா தீர்ப்புச் சொல்லும். ஓர் அணிக்கு இரண்டு முறையீடு. முறையீடு சரியென்று ஆனால் அது கழியாது. ஒவ்வோர் ஆட்டக்காரரின் உயரத்தையும் அளந்து, உயரத்தில் 27 சதவீதத்திலிருந்து 53.5 சதவீதம் வரைக்கும்தான் கட்டம் என்று எழுதிவைத்துவிட்டார்கள். குட்டை ஆட்டக்காரனுக்குச் சின்னக் கட்டம். தசமப் புள்ளி சுத்தமாக.

இங்கே அது வேண்டாம். பன்னிரண்டு கேமரா வைத்து வாருங்கள் என்று திருநெல்வேலி மாவட்டப் பள்ளி ஒன்றைக் கேட்பது கொடுமை. டெண்டர் விட்டால் கேமரா வரும், கண்ணாடி வராது. கேட்பது சின்ன விஷயங்கள். போட்டி நடத்தும் பள்ளியின் ஆசிரியர் அந்தப் பள்ளி ஆடும் ஆட்டத்துக்கு அம்பயராக நிற்கக்கூடாது. இதற்குக் காசு வேண்டாம். சீசன் தொடங்கும் முன் அம்பயர்களைக் கூட்டி ஒரு நாள் பயிற்சி. பந்து போடச் சொல்லிக் கட்டத்தைக் கண்ணுக்குப் பழக்கினால் போதும். இரண்டு கம்பு நட்டு முழங்கால் உயரத்தில் ஒரு கயிறு, அக்குள் உயரத்தில் ஒரு கயிறு. இதற்கு நூறு ரூபாய் ஆகாது. ஓர் ஆட்டத்துக்கு ஒரு முறையீடு, வேலிக்கு வெளியே நிற்கும் அப்பாவின் செல்போன் படத்தைப் பார்த்துச் சொல்லலாம். அதற்கும் செலவு இல்லை, அம்பயரின் மானம் தவிர. கேட்சருக்குப் பின்னால் நிற்க அவருக்கு ஒரு முகக்கவசம். இது ஒன்றுக்குத்தான் காசு வேண்டும். சால்வையில் ஐந்தைக் குறையுங்கள்.

செய்ய மாட்டார்கள். ஏன் என்று உங்களுக்கே தெரியும். கட்டம் கண்ணுக்குத் தெரிந்துவிட்டால் அதை இழுக்க முடியாது. இழுக்க முடியாத கட்டத்தை வைத்துக்கொண்டு யார் யாருக்கு என்ன உபகாரம் செய்வது? தாளாளருக்கு என்ன பதில் சொல்வது? சிபாரிசுக் கடிதத்தோடு வரும் பிள்ளைக்குப் படிவம் 4-ஐ எப்படி நிரப்புவது?

மாஞ்சோலைக் குத்தகை 2028 பிப்ரவரி 11-ல் முடிகிறது. அதே வருடம் ஜூலையில் லாஸ் ஏஞ்சலிஸ் ஒலிம்பிக்குக்கு பேஸ்பாலும் சாப்ட்பாலும் திரும்பி வருகின்றன. அப்போது பாளையங்கோட்டையில் ஒரு மேடை போடுவார்கள். ஒலிம்பிக்கில் நம் மாவட்டத்துப் பிள்ளை ஆடும் நாள் தூரத்தில் இல்லை என்று ஒருவர் பேசுவார். அவருக்குச் சால்வை போர்த்துவார்கள். நீங்கள் அங்கே இருந்தால் தயவுசெய்து கைதட்டாதீர்கள். எழுந்து நின்று, அம்பயருக்கு முகக்கவசம் வாங்கியாயிற்றா என்று மட்டும் கேளுங்கள்.